‘ஓட்டம்’ நாடகத்தில் ஒரு தளபதி

வரலாறு படைத்தலைவனின் வெற்றி தோல்விகளைக் கணக்கிடும். இலக்கியமோ அவன் உள்ளத்தைத் துருவி நோக்கும். இவ்வேறுபாட்டை அறிய விரும்பும் மாணவர்க்கு ருசிய எழுத்தாளர் மிகயீல் புல்ககோவின் ‘ஓட்டம்’ நல்லதொரு சான்றாகும். 1917ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்து மூண்ட உள்நாட்டுப் போரின் இறுதிக் கட்டத்தை எட்டுக் கனவுகளாக வகுத்துக் காட்டும் இந்நாடகத்தின் உயிர்நாடி, ஹ்லூதோவ் எனும் வெண்படைத் தளபதி.

இப்பாத்திரத்திற்கு மூலமாக அமைந்தவர் யாக்கோவ் ஸ்லாஷ்சோவ். 1920ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெண்படைகள் தெற்கே சிதறியபொழுது கிரிமியாவைக் காத்தவர் அவரே. உறைபனி மூடிய பெரகோப் பூசந்தியில் சிறு காவலை மட்டும் நிறுத்தி, பெரும்படையைப் பின்னாலிருந்த ஊர்களில் தங்கவைத்தார். வெட்டவெளியில் இரவெல்லாம் விறைத்துப்போன செம்படையினரை அதன்பின் தாக்கி விரட்டினார். போல்ஷவிக் எதிர்ப்பாளர்க்கு மேலும் சில மாதங்கள் புகலிடம் கிட்டியது இதனாலேயே. ஆயினும், பலரைத் தூக்கிலிட்ட கொடுமையும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஸ்லாஷ்சோவ் 1920 ஆகஸ்டிலேயே பதவி நீங்கினார். ஹ்லூதோவோ நவம்பர் வீழ்ச்சியின்போதும் தளபதியாகவே நிற்கிறான். இதனை வரலாற்றுப் பிழை எனலாகாது. தோல்வி உறுதியான பின்னும் அவனை அதிகாரத்தில் இருத்தியமையால்தான், பயனற்ற கொலைகளின் முழுப்பாரமும் அவன் தோளில் ஏறுகிறது. முகத்திற்கு நேரே குற்றஞ்சாட்டிய கிராபிலின் எனும் எளிய படைவீரனை அவன் தூக்கிலிடுகிறான். இறந்தவன் கான்ஸ்டாண்டினோபிள் வரை நிழலாய்த் தொடர்கிறான். தளபதி அவனோடு பேசிப் பேசித் தளர்கிறான்.

நாடகத்தின் முடிவை ஆசிரியர் பன்முறை மாற்றினார். ஒன்றில் ஹ்லூதோவ் தாயகம் திரும்பத் துணிகிறான்; மற்றொன்றில் தன்னையே சுட்டுக்கொள்கிறான். முன்னதே சிறந்தது என்பது என் துணிபு. சாவு அவனை விடுவித்துவிடும். திரும்புதலோ விடை சொல்ல வைக்கும். ஸ்லாஷ்சோவும் 1921இல் திரும்பினார். செம்படை அதிகாரிகளுக்கே போர்க்கலை பயிற்றினார். 1929 ஜனவரியில், அவரால் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் சகோதரன் அவரை மாஸ்கோவில் சுட்டுக் கொன்றான். நாடகம் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது! தடைக்குள்ளான அது, 1940இல் ஆசிரியர் மறைந்த பின்னர், 1957இல்தான் மேடையேறியது.

ஹ்லூதோவ் நல்லவனா, தீயவனா என்ற வினாவோடு வகுப்பறை நின்றுவிடலாகாது. கிராபிலினுக்கு அவன் கூறத்தக்க விடை யாது என்று மாணவரைச் சிந்திக்கச் செய்தல் வேண்டும். இந்நாடகத்தைக் கற்பிப்பதன் பயன் அதுவே.