ட்ரை-எக்ஸின் பொடிமணிகள்

கறுப்பு வெள்ளைப் படத்தில் கிரெயின் எனப்படும் பொடிமணிகள் எங்கே நன்றாகத் தெரியும்? அடர்ந்த நிழலில் அல்ல, பளீரென்ற வெள்ளையிலும் அல்ல. இரண்டுக்கும் நடுவிலுள்ள சாம்பலில்தான். மூட்டம் போட்ட வானம், ஒருபக்கம் வெளிச்சம் விழுந்த கன்னம், காரை பூசிய சுவர். கோடாக் ட்ரை-எக்ஸ் 400 ஃபிலிமில் எடுத்த படத்தின் பிரிண்ட் கைக்கு வந்தால் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

அந்தப் பொடிமணிகள் ஃபிலிமின் வேகத்துக்கு, அதாவது ஒளியை வாங்கும் திறனுக்கு, கொடுத்த விலை. முற்றத்தில் மழைக்கு வைத்தால் கிண்ணத்தைவிட அண்டாதான் அதிகத் துளிகளை ஏந்தும். ஜெலட்டினில் பொதிந்த வெள்ளி உப்புப் படிகங்களும் அப்படியே. படிகம் பெரிதானால் மங்கிய வெளிச்சமும் அதில் சிக்கும். எனக்கு வியப்புத் தீராத இடம் அடுத்தது. ஒளி பட்ட படிகத்தில் ஒருசில வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் சேர்ந்தால் போதும், டெவலப்பர் அந்தப் படிகம் முழுவதையும் வெள்ளியாக்கிக் கறுக்க வைத்துவிடும். படத்தில் மணியாகத் தெரிவது அந்தக் கறுப்புதான்.

இல்ஃபோர்டின் பான் எஃப் மெதுவான ஃபிலிம், வேகம் 50. மணி இருப்பதே தெரியாத வழவழப்பு. ஆனால் அது 1/30 விநாடி கேட்கும் இடத்தில் 400-க்கு 1/250 போதும். ஓடுகிறவனின் கால் கலங்காமல் பதிவது அந்த வித்தியாசத்தில்தான். 35 மி.மீ. சுருளாக 1954-ல் வந்த ட்ரை-எக்ஸைப் பத்திரிகைப் படக்காரர்கள் விடாமல் பற்றிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. வேகம் 1600 என்று வைத்து எடுத்து, டெவலப்பரில் கூடுதல் நேரம் விட்டாலும் தாங்கும். நிழலில் விவரம் கொஞ்சம் போகும், வெள்ளையும் கறுப்பும் முறுக்கேறி நிற்கும்.

1986-ல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் செபஸ்தியாவோ சல்காடோ எடுத்த படங்களைப் பாருங்கள். மூட்டை சுமந்து ஏணியேறும் ஆட்களின் முதுகில் சேறு. அந்தச் சேறு எங்கே முடிகிறது, ஃபிலிமின் மணி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. மனிதத் தோலும் மண்ணும் வெள்ளியும் ஒரே சொரசொரப்பு. பான் எஃபின் வழவழப்பு அந்த முதுகுகளுக்குப் பொருந்தியிருக்காது.

அதே 1986-ல் கோடாக் டி-மேக்ஸ் ஃபிலிமைக் கொண்டுவந்தது. படிகங்களைத் தட்டையாக்கி, அதே 400 வேகத்தில் மணியைக் குறைத்தார்கள். அருமையான தொழில்நுட்பம்தான். ஆனாலும் முகங்களுக்கும் தெருவுக்கும் என் ஓட்டு ட்ரை-எக்ஸுக்கே.

ட்ரை-எக்ஸ் படங்களைக் கைபேசியில் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்; சிறு திரையில் மணிகள் கரைந்துபோகும். கண்காட்சியில் பெரிய பிரிண்ட் மாட்டியிருந்தால் இரண்டடி தூரத்தில் போய் நின்று பாருங்கள்.