தண்ணியில்லாத காடு: ஒரு சேரி வாசிப்பு

பரமக்குடியில் ஒரு தியேட்டர். படத்தின் பெயர் மறந்துவிட்டது. மந்திரி ஒரு போலீஸ்காரரைப் பார்த்துக் கத்துகிறார்: 'ஒன்னைய தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்.' தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சிரிக்கவில்லை. 'அப்ப இங்கயே பொறந்த நம்மள எங்கடா மாத்துவாக?' என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அதற்குப் பதில் தேடுகிற முயற்சி. கதை, கவிதைகளை மட்டும் பிரதி என்று வைத்துக்கொண்டு விமர்சனம் செய்வது நம் வழக்கம். ஒரு சினிமா வசனம், ஒரு நாடகம், ஒரு அரசாங்கக் கடிதம் ஆகியவையும் பிரதிகள்தான். சாயல்குடிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒரு சேரியில் நின்று அவற்றை வாசித்தால் என்ன தெரிகிறது? அதைத்தான் இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அந்த வசனம். அதிகார வர்க்கத்தின் அகராதியில் 'தண்ணியில்லாத காடு' என்றால் ராமநாதபுரம் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். தப்புச் செய்த அதிகாரிக்கு அது தண்டனை. தண்டனை என்றால் சிறை வேண்டும். அந்தச் சிறை நாங்கள்தான். தண்டனையை அனுபவிக்க வந்தவர் நாளை எண்ணுவாரா, எங்கள் குடத்தை எண்ணுவாரா? நல்ல அதிகாரிகளும் வந்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மாவட்டத்தையே தண்டனையாகப் பேசுகிற மொழிக்குள் இருந்துகொண்டு, அந்த மாவட்டத்து மக்களுக்கு 'சேவை' என்ற சொல்லை உச்சரிப்பது எப்படி?

இன்னொன்று. தண்ணி இல்லாத காடு என்று சொல்லும்போது பழி இயற்கையின் மேல் போய்விடுகிறது. மழை இல்லை, ஆறு இல்லை, யார் என்ன செய்ய முடியும் என்ற தோரணை. உண்மையில் இந்த மண்ணில் கண்மாய் இருக்கிறது. ஊருக்கு ஊர் ஊருணி இருக்கிறது. 1990களின் இறுதியில் நரிப்பையூரில், நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் குடிநீர் தரும் அளவில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டினார்கள். பிறகு காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் வந்தது. எங்கோ திருச்சிப் பக்கம் எடுக்கிற தண்ணீர் குழாய் வழியாக இந்தக் கடற்கரைக்கு வருகிறது. ஆக, தண்ணி இருக்கா இல்லையா என்பது பாதிக் கேள்வி. இருக்கிற தண்ணி யாரைத் தாண்டி யாருக்கு வருகிறது என்பது மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதியைத் தமிழின் முற்போக்குக் கலை எப்படிப் பார்த்தது? கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தை எடுத்துக்கொள்வோம். 1981இல் கே.பாலசந்தர் அதைப் படமாக எடுத்தார். அத்திப்பட்டி என்ற வறண்ட ஊர். மனுக் கொடுத்து அலுத்த ஜனங்கள் தாங்களே வாய்க்கால் வெட்டுகிறார்கள். அரசாங்கம் தானும் தண்ணி தராது, அவர்களையும் கொண்டுவர விடாது என்று அம்பலப்படுத்திய படைப்பு. அதன் நேர்மையை நான் மதிக்கிறேன். மனு என்ற காகிதத்தின் பொய்யை அவ்வளவு வெளிப்படையாகத் தமிழ் மேடையில் சொன்னவர்கள் குறைவு.

ஆனால் அத்திப்பட்டிக்கு ஒரே தாகம்தான். ஊர் முழுக்கச் சேர்ந்து தவிக்கிறது, ஊர் முழுக்கச் சேர்ந்து மண்வெட்டி எடுக்கிறது. அரசு ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம். எங்க ஊரில் தாகம் தெருத் தெருவாகப் பிரிந்து கிடந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அம்மா ஊருணிக் கரையில் குடத்தோடு காத்து நிற்பாள். படியில் இறங்கக் கூடாது. ஊர்த்தெருப் பொம்பளை யாராவது மனசு வைத்து மொண்டு ஊற்ற வேண்டும். ஊற்றுகிறவளின் குடம் எங்கள் குடத்தில் பட்டுவிடக் கூடாது. அவளுக்கும் தாகம், எங்களுக்கும் தாகம். ஆனால் அது ஒரே தாகம் இல்லை. ஊர், சேரி என்கிற பிளவை மையத்துக்குக் கொண்டுவராமல் 'மக்கள்' என்று பொதுவாகப் பேசுகிற எந்தப் பிரதியும் எங்களைக் கரையிலேயே நிற்க வைத்துவிடுகிறது.

இந்தப் பிளவு தானாக வந்ததும் இல்லை. சட்டம் மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் 1930 டிசம்பரில் எட்டுத் தடைகளையும், 1931 ஜூனில் பதினொரு தடைகளையும் ஆதிதிராவிடர்கள், தேவேந்திரகுல வேளாளர்கள் மீது ஆதிக்க சாதியினர் விதித்தார்கள். ஹட்டன் தன் நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பவற்றை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். தண்ணீரைப் பற்றிய இரண்டைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். ஒன்று: பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்போ பித்தளையோ கூடாது, சும்மாட்டுக்கும் வைக்கோல்தான், துணி கூடாது. இரண்டு: சொந்த நிலம் வைத்திருப்பவர்கள் அதை மிராசுதார்களுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. தலையில் வைக்கிற சும்மாடு வரைக்கும் விதி போட்டவன், தண்ணீர்தான் ஆட்சி என்பதைத் தெரிந்தே போட்டிருக்கிறான்.

இன்றைக்கு மண்பானை இல்லை, பிளாஸ்டிக் குடம். சும்மாடு இல்லை, நாலு சக்கரத் தள்ளுவண்டி. வண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு கருவேலங்காட்டு ரோட்டில் பெண்கள் தள்ளிக்கொண்டு போவதை இந்தப் பக்கம் வந்த எவரும் பார்த்திருப்பார்கள். அதே மாவட்டத்தில்தான் ராமேஸ்வரம் இருக்கிறது. கோயிலுக்குள்ளே 22 தீர்த்தக் கிணறுகள். சுற்றிலும் உப்புக்கடல். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருகிறவர்கள் வரிசையில் நின்று, கிணற்றுக்குக் கிணறு வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். நானும் ஒருமுறை நனைந்தேன். என் தலையில் தண்ணீர் விழுந்தபோது ஊருணிக் கரைதான் ஞாபகம் வந்தது. அங்கேயும் ஒருவர் ஊற்றுகிறார், ஒருவர் வாங்கிக்கொள்கிறார். இங்கே அதற்குப் பெயர் புண்ணியம். அங்கே அதற்குப் பெயர் தீட்டு.

இனி அரசாங்கக் கடிதத்துக்கு வருகிறேன். 2018ஆம் வருஷம். எங்கள் காலனிக் குழாயில் பதினெட்டு நாளாகத் தண்ணி இல்லை. ஊர்த்தெருவில் வந்துகொண்டிருந்தது. அம்மா சொல்லச் சொல்ல நான் மனு எழுதினேன். (மனு என்ற சொல்லும், நம்மைச் சேரியில் வைத்த சாத்திரக்காரன் பெயரும் ஒன்றாக இருப்பதை என்னவென்பது! குறை கேட்கிற நாளுக்கு 'மனுநீதி நாள்' என்றே பெயர்.) ரெண்டு மாசம் கழித்து ஒரு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தங்கள் பகுதி கடைமடைப் பகுதி என்பதால் நீர் அழுத்தம் குறைவாக உள்ளது, சீரான குடிநீர் வழங்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது, மனு முடிக்கப்பட்டது. இவ்வளவுதான்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'மழை பெஞ்சா மொதத் தண்ணி நம்ம வீட்டுக்குள்ளதான் வருது. அப்ப பள்ளத்துல இருக்கோம். பைப்புத் தண்ணிக்கு மட்டும் நாம எப்படிடா மேட்டுக்குப் போனோம்?' என்றாள். எந்த என்ஜினியரும் இதற்கு என்ன சொல்வார்? எங்கள் காலனி கண்மாய்க்குப் பக்கத்தில் பள்ளத்தில்தான் இருக்கிறது. தொட்டி ஊருக்குள் மேட்டில் நிற்கிறது. குழாய் நீளம் கூடக்கூட அழுத்தம் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். அதற்காகப் பதினெட்டு நாள் ஒரு சொட்டும் வராமல் இருக்காது. நடுவில் ஒரு வால்வு இருக்கிறது. அதை ஒரு கை திறக்கிறது, ஒரு கை மூடுகிறது.

இப்போது அந்தக் கடிதத்தின் இலக்கணத்தைப் பாருங்கள். 'எடுக்கப்பட்டு வருகிறது', 'வழங்கப்படும்', 'முடிக்கப்பட்டது'. எல்லாம் செயப்பாட்டு வினை. எடுப்பவர் யார், வழங்குபவர் யார், முடித்தவர் யார்? எழுவாயே இல்லை. அரசாங்கத் தமிழில் ஆளே கிடையாது. நம் பேச்சும் அப்படித்தான் பழகிவிட்டது: 'இன்னைக்கித் தண்ணி வந்துச்சா?' தண்ணி தானாக நடந்து வருவது போல. கைகள் மறைந்து போகிற மொழியில் சாதி சௌகரியமாக ஒளிந்துகொள்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித்துகள் குடிக்கிற தொட்டியில் மலம் கிடந்தது. அப்போதும் 'மலம் கலக்கப்பட்டது' என்றுதான் வாசித்தோம். யார் கலந்தது என்பதற்கு 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகை அந்தச் சேரி இளைஞர்கள் மூவரையே சொன்னது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. எழுவாயை யார் நிரப்புகிறார்கள் என்பதே அரசியல்.

காகிதத்தில் இருக்கிற தண்ணீருக்கும் வாயில் படுகிற தண்ணீருக்கும் உள்ள தூரத்தை முதலில் நடந்து காட்டியவர் அம்பேத்கர். மகாடில் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சியே 1924இல் தீர்மானம் போட்டிருந்தது. மூன்று வருஷம் ஒருவரும் அதில் கை வைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானவர்களோடு போய்க் குடித்தார். அடுத்து என்ன நடந்தது? அதே நகராட்சி தன் தீர்மானத்தை ரத்து செய்தது. உள்ளாட்சியின் யோக்கியதைக்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அந்த வருஷம் டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதியை எரித்தார்கள். 1937இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அந்த நகராட்சியில் நம் ஆட்கள் உட்கார்ந்திருந்தால்? 73ஆவது திருத்தம் 1993இல் அமலுக்கு வந்தது, 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996இல் தேர்தல். தனித்தொகுதி ஊராட்சிகளில் நாமும் தலைவரானோம். மேலவளவில் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் 2006 வரைக்கும் தலைவர் நாற்காலியில் நம்மை உட்கார விடவில்லை. கொல்லாத ஊர்களில் வேறு வழி இருந்தது. காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆதிக்க சாதித் துணைத்தலைவர் பேனாவை மூடி வைத்துக்கொண்டால் மோட்டார் ரிப்பேருக்குக் கூடப் பணம் எடுக்க முடியாது. அருவா தேவைப்படவில்லை.

பிறகு தேர்தலே இல்லாமல் போனது. 2016 அக்டோபர் தொடங்கி 2019 டிசம்பர் வரை ராமநாதபுரம் மாவட்டத்தின் 429 ஊராட்சிகளிலும் தலைவர் இல்லை, தனி அலுவலர்தான். அம்மாவின் மனு எழுதப்பட்டது அந்தக் காலத்தில்தான். வாசலில் போய்க் கத்துவதற்குக் கூட ஒரு ஆள் கிடையாது. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது மறுபடியும் தனி அலுவலர்களையே போட்டார்கள். எழுவாய் இல்லாத வாக்கியம் போல, ஆள் இல்லாத ஊராட்சி.

இதுவரை அடுத்தவரை விமர்சித்தேன். இனி சொல்லப்போவது எனக்கே கஷ்டமானது. 2020க்குப் பிறகு என் சித்தப்பாவுக்கே டேங்க் ஆப்பரேட்டர் வேலை கிடைத்தது. வால்வு எங்கள் கைக்கு வந்துவிட்டது என்று தெருவே கொண்டாடியது. எங்கள் குழாயில் தண்ணி வந்தது. எங்கள் காலனிக்கும் பின்னால் ஒன்பது அருந்ததியர் வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்கு எப்போதும் போல எங்களுக்குப் பிறகுதான், எங்கள் குடங்கள் நிறைந்த பிறகுதான். வீட்டுக்கு வீடு குழாய் என்று 2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. அந்த ஒன்பது வீட்டு வாசலிலும் குழாய் நிற்கிறது, கணக்கிலும் ஏறியிருக்கும். ஏன் சித்தப்பா அங்குட்டு விடலை என்று கேட்டேன். 'அங்குட்டு ஏறாதுப்பா, பிரஷர் இல்ல' என்றார். கடிதத்தில் இருந்த அதே சொல். அதைவிடப் பள்ளத்தில் இருக்கின்றன அந்த வீடுகள்.

தலித் இலக்கியம் என்று நாம் எழுதியதில் 1957 முதுகுளத்தூர் இருக்கிறது, இமானுவேல் சேகரன் இருக்கிறார், 2011 பரமக்குடி துப்பாக்கிச் சூடு இருக்கிறது. இருக்க வேண்டும். ஆனால் ரத்தம் சிந்தாத நாட்களில் தினமும் காலையில் நடக்கிற அந்த வால்வுச் சண்டையை எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? அதில் நம் கையும் இருப்பதை எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? எழுவாயை மறைக்கிறது என்று அரசாங்கத்தைச் சொல்கிற நாம், 'தலித்' என்ற ஒரே சொல்லுக்குள் அந்த ஒன்பது வீட்டை மறைத்து வைத்தால், அத்திப்பட்டியை எழுதியவர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

அம்மா விடவில்லை. சித்தப்பாவிடம் சண்டை போட்டாள். பிறகு அந்த ஒன்பது வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மார்ச் 22 தண்ணீர் தினக் கிராமசபைக்குப் போனாள். என்னை ஒரு மனு எழுதச் சொன்னாள். வழக்கம்போல 'ஐயா, எங்கள் பகுதிக்குக் குடிநீர் வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று ஆரம்பித்தேன். 'அதை அடிடா. தண்ணி குடுங்கன்னு எழுதாத. என்னைக்கு, எத்தனை மணிக்கு, யாரு தொறந்தாக, யாரு மூடுனாகன்னு போர்டுல எழுதிப் போடச் சொல்லு. மேல நம்மாளு பேரு இருந்தாலும் பரவாயில்ல' என்றாள். அப்படியே எழுதினேன். தீர்மான நோட்டில் ஏறியது. போர்டு இன்னும் வரவில்லை. அந்தப் பெண்கள் தொட்டிச் சுவரில் கரித்துண்டால் தேதியும் நேரமும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். பக்கத்தில் சித்தப்பாவின் பெயர்.

தோழர்களே, உங்கள் ஊர் மனுக்களையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் இந்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். கவிதையைப் படிப்பது போல வரி வரியாகப் படிப்போம். ஒவ்வொரு 'பட்டது'க்குப் பக்கத்திலும் ஒரு பெயரை எழுதிப் பார்ப்போம். அது நம் பெயராக இருந்தாலும்.