வாசற்படியோடு நின்றுபோன முன்னேற்பாடு

2020 மே 20 மாலை ஆம்பன் புயல் கொல்கத்தாவுக்குள் புகுந்தபோது, நகரின் தென்பகுதியில் உள்ள பாலிகஞ்சில் யாரும் அசந்து உட்கார்ந்திருக்கவில்லை. தென்கிழக்கு வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவான 16ஆம் தேதியிலிருந்தே வானிலை ஆய்வுத் துறை அதன் போக்கைச் சொல்லிக்கொண்டு வந்தது. 18ஆம் தேதி அது சூப்பர் புயலானது. 1999இல் ஒடிசாவைச் சூறையாடிய புயலுக்குப் பிறகு வங்கக் கடலில் அந்த வலுவை எட்டியது இதுதான். சுந்தரவனத்தை ஒட்டிக் கரை கடக்கும், கொல்கத்தாவில் மணிக்கு 110 முதல் 120 கி.மீ. வேகத்தில் காற்று வீசும், பெரிய மரங்கள் வேரோடு சாயும், மின்கம்பங்கள் விழும் என்று அறிக்கைகள் விவரமாகவே சொல்லின. சொன்னபடியே நடந்தது. டம்டமில் காற்று 130 கி.மீ. அளவை எட்டியது, அலிப்பூரில் 110ஐத் தாண்டியது. ஆகவே, ‘யாரும் எச்சரிக்கவில்லை’ என்ற புகாருக்கு இந்த வழக்கில் வேலையே இல்லை. எச்சரிக்கை கையில் இருந்த நான்கு நாட்களில் என்ன நடந்தது என்பதைத்தான் எடைபோட வேண்டும்.

முதலில் வீட்டுக்குள். இங்கே பாலிகஞ்சுக்குத் தாராளமாகவே மதிப்பெண் போடலாம். பொதுமுடக்கக் காலம், கடைகளுக்கு நேரக் கட்டுப்பாடு, முகக்கவசம், இடைவெளி. அதற்கு நடுவிலும் கரியாஹாட் சந்தையிலும் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர் கடைகளிலும் மக்கள் வாங்க வேண்டியதை வாங்கினார்கள். அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, அடுப்பு மூட்டாமல் சாப்பிட பொரியும் அவலும், மெழுகுவத்தி, தீப்பெட்டி. மாடத்துப் பூந்தொட்டிகள் உள்ளே வந்தன. ஜன்னல் இடுக்குகளில் பழைய துண்டையும் செய்தித்தாளையும் சுருட்டி அடைத்தார்கள். பவர் பேங்க், இன்வெர்ட்டர் எல்லாம் முழுதாகச் சார்ஜ் ஏறின. மரத்தடியில் நின்ற கார்களைச் சிலர் நகர்த்தினார்கள். அந்த மழைக்கு ஒரு கிச்சுரி (அரிசி, பருப்புக் கிச்சடி) வேண்டுமே என்று யோசித்தவர்களும் உண்டு. வங்காளியிடம் அதைக் குறையென்று சொல்ல முடியாது.

இந்த அக்கறையைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. முந்தைய ஆண்டு மே மாதம் ஃபானி புயல் வருகிறது என்று நகரமே கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தது. அது பூரியில் கரையேறி, வலுவிழந்து, கொல்கத்தாவைத் தூறலோடு விட்டுவிட்டுப் போனது. நவம்பரில் வந்த புல்புலும் சாகர் தீவையும் சுந்தரவனத்தையும் அடித்ததே தவிர நகரத்தைப் பெரிதாகத் தொடவில்லை. கடலிலிருந்து ஏறத்தாழ நூறு கி.மீ. உள்ளே இருக்கிறோம், சுந்தரவனம் தாங்கிக்கொள்ளும் என்ற நிம்மதி இங்கே பரம்பரைச் சொத்து. இருமுறை ஏமாந்தவர்கள் மூன்றாம் முறையும் மெழுகுவத்தி வாங்கினார்கள் என்றால் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் உடைந்தது வீட்டுக்குள் இருந்தவை அல்ல. மறுநாள் காலையில் பார்த்தால் சதர்ன் அவென்யூவில், பாலிகஞ்ச் பிளேஸில், ஹிந்துஸ்தான் பார்க்கில் மரங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. நகரம் முழுவதும் விழுந்தவை 5,000க்கும் மேல். அலிப்பூரில் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை. மின்சாரம் போனது, அதன் பின்னாலேயே தண்ணீரும் போனது.

தண்ணீர் போன விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பாலிகஞ்சின் அடுக்குமாடிகளில் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் குறித்த நேரத்தில் வந்து தரைக்கடியில் உள்ள தொட்டியை நிரப்பும். அங்கிருந்து மோட்டார்தான் அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றும். மின்சாரம் நின்றால் குழாயில் தண்ணீர் வந்தாலும் அது கீழேயே கிடக்கும். மாடியில் இருப்பு தீரும் வரை யாருக்கும் எதுவும் தெரியாது. அதன் பிறகு ஐந்தாம் மாடியில் இருக்கும் எழுபது வயதுக்காரர், லிஃப்டும் ஓடாத கட்டடத்தில், வாளியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். வீட்டில் பிடித்து வைத்த இரண்டு வாளி ஒரு நாளைக்கு வரும். இன்வெர்ட்டர் விளக்கையும் விசிறியையும் ஓட்டும், மோட்டாரை ஓட்டாது. இதில் எதுவும் ரகசியம் இல்லை. ஒவ்வொரு கட்டடத்தின் காவலாளிக்கும் தெரிந்ததுதான். ஆனாலும், ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா, மோட்டாரை அதில் இணைக்க முடியுமா என்று புயலுக்கு முன்னால் கேட்பது யார் வேலை? குடியிருப்போர் ஒவ்வொருவரும் அதைக் கட்டடச் சங்கத்தின் வேலை என்று நினைத்தார்கள். சங்கம் ஆண்டுக்கொரு கணக்கு ஒப்படைக்கும் அமைப்பாக இருந்தது.

அதனால்தான் புயல் ஓய்ந்து இரண்டு மூன்று நாட்களில் தென் கொல்கத்தாவில் மக்கள் மின்சாரமும் தண்ணீரும் கேட்டுச் சாலை மறியலில் உட்கார்ந்தார்கள். 22ஆம் தேதியே மாநகராட்சி ஆணையரை அரசு மாற்றியது. 23ஆம் தேதி ராணுவத்தை அழைத்தது. ராணுவ அணிகள் மரம் வெட்ட இறங்கிய இடங்களில் டாலிகஞ்ச், பெஹாலா ஆகியவற்றோடு பாலிகஞ்சும் ஒன்று. ஒடிசாவிலிருந்து மீட்புப் படையினரும் தீயணைப்பு வீரர்களும் மரமறுக்கும் வாள்களோடு வந்தார்கள். நாட்டின் பழைய மாநகராட்சிகளில் ஒன்றுக்குத் தன் தெருவில் கிடக்கும் மரத்தை அறுக்க அண்டை மாநிலத்து ஆள் வேண்டியிருந்தது.

இதற்குச் சொல்லப்பட்ட சமாதானங்களைத் தள்ளிவிடாமல் பார்ப்போம். இப்படியொரு புயலை இந்தத் தலைமுறை பார்த்ததில்லை என்பது முதலாவது. அந்த அளவுக்கான காற்று அரிது என்பது உண்மை. ஆனால் 2009 மே மாதம் ஐலா புயல் இதே நகரத்தில் மரங்களைச் சாய்த்து மின்சாரத்தை அறுத்துவிட்டுப் போயிருந்தது. பதினோரு ஆண்டு அவகாசம் குறைவா? பொதுமுடக்கத்தால் ஆள் இல்லை என்பது இரண்டாவது. இதில் பலம் உண்டு. நகரத்துக்கு மின்சாரம் வழங்கும் சி.இ.எஸ்.சி. நிறுவனத்தின் பணியாளர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் பலர் ஊருக்குப் போயிருந்தார்கள். இருந்தாலும் ஆள் இல்லை என்பது 20ஆம் தேதி இரவில் தெரிந்த செய்தியா? மார்ச் கடைசியிலிருந்தே தெரிந்த நிலைமை. நான்கு நாள் முன்னெச்சரிக்கையின் பயனே இப்படிப்பட்ட பற்றாக்குறையை முன்கூட்டிக் கணக்கிடுவதுதான்.

மூன்றாவது சமாதானம்தான் வேடிக்கையானது, நோயின் மூலமும் அதுவே. மரம் கிடக்கிறது, அகற்றாமல் கம்பியைத் தொட முடியாது என்றது மின் நிறுவனத் தரப்பு. மரத்தில் மின்கம்பி சிக்கியிருக்கிறது, மின்சாரம் இல்லை என்று உறுதி சொல்லாமல் எப்படி வெட்டுவது என்றனர் மரம் வெட்டப் போனவர்கள். இரண்டும் நியாயமே. இரண்டு தரப்பும் ஒரே வண்டியில் போயிருந்தால் தீர்ந்திருக்கும் சிக்கல் இது. மின்சார ஆள் ஒருவர், வாள் பிடிப்பவர் ஒருவர், வார்டுக்கு ஒரு வண்டி: மே 17இலோ 18இலோ எடுத்திருக்க வேண்டிய முடிவு.

மரங்களின் மேல் பழி போடுவதிலும் பாதிதான் நியாயம். பாலிகஞ்சின் அழகே குல்மொஹரும் பெருங்கொன்றையும்தான். அங்கே கிருஷ்ணசூடா, ராதாசூடா என்பார்கள். இரண்டும் சீக்கிரம் வளர்ந்து குடைபோல் விரியும், வேர் ஆழமாகப் போகாது, கிளை எளிதில் ஒடியும். இது மரத்தின் குணம். இதற்குமேல் நாம் செய்தது வேறு. நடைபாதையில் நிற்கும் எந்த மரத்தின் அடியையும் குனிந்து பாருங்கள். அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டோ ஓடோ பதித்திருக்கும். மண் தெரிவது உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டிய பள்ளம். அந்தப் பக்கத்து வேர் போயே போயிற்று. மேலே கம்பியில் உரசாமல் இருக்க ஒரு பக்கக் கிளையை மட்டும் வெட்டியிருப்பார்கள். ஒருச்சாய்ந்த பாரம், ஒற்றைப் பக்க வேர், நனைந்த மண். சென்னையில் 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோதும் சாலையோரத்தில் குல்மொஹரும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும்தான் வரிசையாகப் படுத்தன. அந்தப் பாடத்தைச் சென்னையே சரியாகப் படிக்கவில்லை என்பதால், கொல்கத்தாவை மட்டும் கண்டிக்க எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

குடியிருப்போருக்கு இதில் என்ன பங்கு, மரமும் கம்பியும் அரசுடையவை ஆயிற்றே என்று கேட்கலாம். அங்கேதான் பாலிகஞ்சின் தனித்தன்மையைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. இங்கே தெருவுக்குத் தெரு கிளப்புகள் உண்டு. ஏக்டாலியா எவர்கிரீன், பாலிகஞ்ச் கல்ச்சுரல், சமாஜ் சேபி என்று நகரமே பார்க்கவரும் துர்கா பூஜைகள் இந்த வட்டாரத்தில் நடக்கின்றன. ஒரு பூஜைக் குழு என்ன செய்கிறது? தெருவை அளக்கிறது, மூங்கில் கட்ட ஆள் கொண்டுவருகிறது, தற்காலிக மின் இணைப்பு வாங்குகிறது, ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கிறது, தீயணைப்புத் துறையிடமும் காவல்துறையிடமும் மாநகராட்சியிடமும் அனுமதி பெறுகிறது, நாலைந்து நாட்களுக்கு லட்சக்கணக்கான கூட்டத்தைத் தன்னார்வலர்களை வைத்தே நகர்த்துகிறது, முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்துத் தெருவைத் துடைத்துவிடுகிறது. பேரிடர் நிர்வாகம் கேட்கும் திறமைகள் இவைதானே! மாநில அரசு இந்தக் குழுக்களுக்கு 2018இல் தலா 10,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கி, ஆம்பன் ஆண்டில் 50,000 ஆக்கி, 2025இல் 1,10,000 வரை கொண்டுவந்திருக்கிறது. ஆம்பனின்போது பாலிகஞ்சின் சட்டமன்ற உறுப்பினர் சுப்ரதா முகர்ஜி. முன்னாள் மேயர், அப்போது மாநில அமைச்சர், ஏக்டாலியா பூஜையின் முகமும் அவரே. நகராட்சி அனுபவம், ஆட்சி அதிகாரம், தெருக் குழு மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்த பேட்டை இது.

புயலுக்குப் பிறகு கிளப் இளைஞர்கள் பல இடங்களில் கையில் கிடைத்த கத்தியோடும் கயிற்றோடும் மரங்களை ஒதுக்கினார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் அது நல்ல மனசு. முன்னேற்பாடு என்றால் வாளும் கையுறையும் கிளப் அறையில் முன்பே இருந்திருக்கும், எந்த மாடியில் ஆக்சிஜன் கருவியோடு யார் தனியாக இருக்கிறார் என்ற பட்டியலும் இருந்திருக்கும். பூஜைக்குச் சந்தா வசூலிக்க வீடுவீடாகப் போகும் நோட்டுப் புத்தகத்தில் அந்த விவரத்தில் பாதி ஏற்கெனவே உண்டு.

இன்னொரு ஓட்டை, பலர் கண்ணில் படாதது. பாலிகஞ்ச் ரயில் நிலையம் சியால்டா தெற்குப் பிரிவின் முக்கியமான சந்திப்பு. கேனிங்கிலிருந்தும் லக்ஷ்மிகாந்தபூரிலிருந்தும் விடியற்காலை ரயிலில் வரும் பெண்கள்தான் இந்தப் பகுதியின் சமையலறைகளை நடத்துகிறார்கள், வயதானவர்களைக் குளிப்பாட்டுகிறார்கள். புயல் முதலில் அடிப்பது அவர்கள் வீட்டை. கேனிங்கின் கதை தெரிந்ததுதான்: மாத்லா ஆற்றங்கரையில் துறைமுகம் கட்டாதீர்கள், புயலலை வாரிக்கொண்டு போகும் என்று புயல் ஆய்வாளர் ஹென்றி பிடிங்டன் 1853இல் கவர்னர் ஜெனரலுக்கு எழுதினார், கட்டினார்கள், 1867இல் போனது. இன்று அந்தக் கரையிலிருந்து வருபவர்களின் நிலையைப் பாலிகஞ்ச் எந்த அளவு யோசிக்கிறது? 2020இல் பொதுமுடக்கத்தால் புறநகர் ரயிலே இல்லை. பலருக்கு அதற்கு முன்பே வேலை போய்விட்டது. 2024 மே 26 இரவு ரெமல் புயல் வந்தபோது தெற்குப் பிரிவு ரயில்களை முன்கூட்டியே நிறுத்தினார்கள், சரியான முடிவு. அப்படி ரயில் நிற்கும் நாளுக்குக் கூலி உண்டா, கூரை போனால் முன்பணம் உண்டா என்ற கேள்விகள் மெழுகுவத்திக்குப் பக்கத்தில் இடம்பெற வேண்டியவை. வீட்டுக்கு வீடு கருணையின்படி அது நடக்கிறது, அல்லது நடப்பதில்லை.

ஆம்பனுக்குப் பிறகு எதுவுமே மாறவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2021 மே மாதம் யாஸ் வந்தபோது மாநகராட்சியும் மின் நிறுவனமும் வாளோடும் ஆளோடும் முன்பே நின்றன. அந்தப் புயல் ஒடிசாவின் பாலேஸ்வர் பக்கம் திரும்பிவிட்டதால் பரீட்சை முழுதாக நடக்கவில்லை. ரெமலில் பாலிகஞ்சில் தண்ணீர் தேங்கியது, மரங்கள் விழுந்தன, ஆனால் ஆம்பனைப் போல் நகரம் நாட்கணக்கில் முடங்கவில்லை. காற்றுக்கான பாடம் ஓரளவு ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீருக்கான பாடம் ஏறவில்லை என்பதை 2025 செப்டம்பர் 23 காட்டியது. பூஜைக்கு ஒரு வாரம்கூட இல்லாத நேரம், பெயர் சூட்டிய புயல் எதுவும் இல்லை, ஒரே இரவு மழை. பாலிகஞ்சில் மட்டும் 264 மி.மீ. பேட்டையிலேயே பெரிய வடிகால் நீரேற்று நிலையம் இருந்தும் தெருக்கள் ஏரியாயின. நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் பத்துப் பேராவது இறந்தார்கள். பெரும்பாலோர் தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து. அரசு மின் நிறுவனத்தைக் கைகாட்டியது, நிறுவனம் மறுத்தது. ஐந்து ஆண்டுக்கு முன் மரத்தடியில் நடந்த அதே வழக்கு, இந்த முறை முழங்கால் தண்ணீரில்.

என் கணிப்பு இதுதான். எச்சரிக்கையைக் கேட்பதிலும் வீட்டைக் காப்பதிலும் பாலிகஞ்ச் தேறிவிட்டது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் இருப்பவற்றில், அதாவது மரம், கம்பி, மோட்டார், வடிகால், வேலைக்கு வருபவர் ஆகியவற்றில் அது தேறவில்லை. அந்தத் தோல்வியில் பெரும்பங்கு மாநகராட்சிக்கும் மின் நிறுவனத்துக்கும் உரியது. ஆனால் பக்கத்துத் திலஜலாவின் ஏழைச் சந்துகளில் வாழ்பவர் ‘எங்களால் என்ன முடியும்’ என்று கேட்டால் ஏற்றுக்கொள்ளலாம். பணமும் கிளப்பும் அமைச்சர் வரை போகும் தொலைபேசி எண்ணும் உள்ள பாலிகஞ்ச் அதே கேள்வியைக் கேட்டால் ஏற்க முடியாது. அடுத்த மே மாதத்துக்கு முன் ஒரு கிளப் தன் மானியத்தில் இரண்டு மரமறுக்கும் வாளும், நான்கு கட்டடங்களுக்குப் பொதுவாக ஒரு டீசல் பம்பும் வாங்கி வைக்கட்டும்; இந்த மதிப்பெண்ணைத் திருத்த நான் தயார்.