வகுப்பறையில் கேட்ட ஒரு சொல்

வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. மாணவி ஒருத்தி கை உயர்த்துகிறாள். நூலிற் கண்ட ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கிறாள். அறை ஊமையாகிறது. கேலிக்குரிய பொருளா இது என்று உடன் பயில்பவள் சினக்கிறாள். கேலியன்று, மெய்யாகவே அறியாள். அச்சொல், ஹோலோகாஸ்ட். அறுபது இலட்சம் யூதரை ஹிட்லரின் ஆட்சி கொன்று குவித்த கொடுமைக்கு உலகம் இட்ட பெயர். கேட்டவள் சிறுமியா? அல்லள், பல்கலைக்கழக மாணவி! பதினேழாம் வயதில்தான் முதன்முதலாக ஒரு வகுப்பறைக்குள் கால் வைத்தவள்.

டாரா வெஸ்டோவர் என்னும் அமெரிக்கப் பெண்மணி 2018-இல் வெளியிட்ட 'எஜுகேட்டட்' என்ற தன்வரலாற்றில் வரும் காட்சி இது. ஐடகோ மாநிலத்து மலையடிவாரம். பழைய இரும்புக் கிடங்கு நடத்தும் தந்தை. அரசுப் பள்ளி பிள்ளைகளைக் கடவுளிடமிருந்து பிரிக்கும் சூழ்ச்சி என்பது அவர் நம்பிக்கை. பெயர் வீட்டுக்கல்வி, பெரும்பொழுது கழிந்ததோ இரும்புக் குவியலில். அப்பெண்தான் 2014-இல் கேம்பிரிட்ஜில் வரலாற்றுத் துறையில் முனைவரானார். உடன்பிறந்தார் எழுவரில் மூவர் முனைவர்கள்!

வீட்டுக்கல்வியின் வெற்றி பாரீர் என்று இதனைக் காட்டுவோர் உண்டு. அதன் கேட்டுக்குச் சான்று என்று இதே நூலை நீட்டுவோரும் உண்டு. இருவருமே அவசரக்காரர்கள். ஒரு குடும்பத்தின் கதை, அதுவும் பெற்றோர் தரப்பு மறுக்கின்ற கதை, ஒரு கல்விமுறைக்குத் தீர்ப்பாகிவிடாது.

கதை வேண்டாம், கணக்குக் காட்டுகிறோம் என்பர். 1999-இல் லாரன்ஸ் ரட்னர் என்னும் ஆய்வாளர் 11,930 குடும்பங்களைச் சேர்ந்த 20,760 பிள்ளைகளின் மதிப்பெண்களை ஆராய்ந்தார். வீட்டில் பயின்றோரே மேலோங்கி நின்றனர். ஆனால் தேர்வெழுதியோர் யார்? நூற்றுக்கு 94 பேர் வெள்ளையர். தேர்வு வைத்தது யார்? பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேர்வு நிலையம். 1971 வரை கறுப்பின மாணவரைச் சேர்க்க மறுத்து, 2000 வரை வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதற்குத் தடை போட்டிருந்த மதநிறுவனம் அது! விரும்பி வந்து எழுதிய வசதியுடையாரின் மதிப்பெண்ணை, ஏழை எளியோர் அனைவரையும் ஏற்கும் பொதுப்பள்ளியின் சராசரியோடு நிறுத்துப் பார்ப்பது என்ன நியாயம்? இந்த ஆய்வால் வீட்டுக்கல்வியே உயர்ந்தது என்று கொள்ளலாகாது என ரட்னரே எச்சரித்திருக்கிறார். அவ்வெச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துச் சென்றனர் அன்பர்கள்.

பொதுப்பள்ளி இல்லாத ஊர் எப்படியிருக்கும்? அதையும் அமெரிக்கா கண்டிருக்கிறது. வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம். கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் ஒரே பள்ளியில் அமர வேண்டும் என நீதிமன்றம் ஆணையிட்டது. ஆட்சியாளர் செய்தது என்ன? 1959-இல் பொதுப்பள்ளிகள் அனைத்தையும் இழுத்துப் பூட்டினர்! வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி எழுந்தது. அதற்கு அரசுப் பணமும் வரிச்சலுகையும் துணைநின்றன. கறுப்பர் பிள்ளைகளுக்கு வீடுதான். சிலர் உறவினர் ஊருக்கு அனுப்பப்பட்டனர். சிலருக்குத் தேவாலய அறைகளில் எழுத்தறிவித்தனர். மற்றவர் வயலுக்குச் சென்றனர். 1964-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்ட பிறகே பூட்டுத் திறந்தது. அதற்குள் எத்தனை பேருக்குப் பள்ளிப் பருவமே கடந்துபோயிற்று! அரைநேரம் பள்ளி, மிச்சநேரம் தகப்பன் தொழில் என்று 1953-இல் சென்னை மாநிலத்தில் வந்த திட்டம் இங்கே நினைவுக்கு வருமாயின், அது தற்செயலன்று.

பொதுப்பள்ளி குற்றமற்றதோ? அன்று. 2020-இல் கொரோனா நோய்க் காலத்தில், வீட்டிலேயே கற்பிக்கும் கறுப்பின இல்லங்கள் சில மாதங்களில் நூற்றுக்கு 3.3-லிருந்து 16.1 ஆயின என்கிறது அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை. தொற்று அச்சம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பள்ளியில் தம் பிள்ளை இழிவுபடுவது கண்டு வெளியேறியோரும் அவருள் உண்டு. அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. பள்ளியைத் திருத்தச் சொல்லலாம். திருந்தும்வரை பிள்ளையைப் பலியிடுக எனச் சொல்ல நாம் யார்?

எனினும் மதிப்பெண் எதனை அளக்கிறது என்ற கேள்வி எஞ்சுகிறது. வீடு கற்பித்ததை அளக்கும்; வீடு மறைத்ததை அளக்குமோ? தந்தைக்குப் பிடிக்காத செய்தியும் பிள்ளையின் காதில் விழும் இடம் பொதுப்பள்ளி. அதன் தரத்தை எடைபோடுவோர் இதனையும் தட்டில் வைத்தாக வேண்டும்.

வெஸ்டோவர் நூலில் இன்னோர் இடம். இரும்புக் கரி படிந்த முகத்தைக் கண்டு, கறுப்பரை இழித்துரைக்கும் வசைச்சொல்லால் அவரை அழைப்பது அண்ணன் வழக்கம். அவரும் சிரித்துவிட்டுப் போவார். பிறகு பல்கலைக்கழகத்தில் கறுப்பரின் உரிமைப் போராட்டத்தைப் பாடமாகக் கேட்கிறார். விடுமுறைக்கு வீடு திரும்புகிறார். அண்ணன் அதே சொல்லைச் சொல்கிறான். அம்முறை அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்பதை அண்ணனுக்கு விளக்கவும் அவரால் இயலவில்லை.