ஆண்டி வார்ஹோலின் கணினித் தன்னுருவப் படங்கள்: நிறத்தேர்வு ஒரு பார்வை

கணினித் தன்னுருவப் படம் என்பது கலைஞர் ஒருவர் தம் முகத்தைத் திரையில் வரைந்தோ, ஒளிப்படக்கருவி வழியாக உள்ளிட்டு மாற்றியோ உருவாக்கும் படம் ஆகும். அமெரிக்கப் பாப் கலைஞர் ஆண்டி வார்ஹோல் (1928–1987) கமடோர் நிறுவனத்தின் அமிகா 1000 கணினியில் 1985ஆம் ஆண்டு செய்தவை இவ்வகையின் தொடக்க முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கவை. பழமைக்காக மட்டும் அவற்றைப் போற்றுவதில் பயனில்லை. நிறங்களை அவர் எவ்வாறு கையாண்டார் என்பதே கவனிக்க வேண்டியது.

அமிகாவில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 16 படிகள் உண்டு. 16 × 16 × 16 எனப் பெருக்கினால் 4096 நிறங்கள் கிடைக்கும். ஆனால் வழக்கமான வரைதல் முறையில் ஒரு நேரத்தில் 32 நிறங்களையே திரையில் வைக்க முடியும். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் நிறம் பதிவாவதில்லை. நிறப்பட்டியலின் எண்தான் பதிவாகிறது. 7ஆம் எண்ணுக்கு நீலத்தை எடுத்துவிட்டு மஞ்சளைக் கொடுத்தால், 7 என்று குறித்த இடமெல்லாம் நொடியில் மஞ்சளாகிவிடும். முகத்தின் ஒரு கோடுகூடக் கலைவதில்லை.

வார்ஹோலுக்கு இது புதிய பாடமன்று. 1962இல் மர்லின் மன்றோவின் ஒரே ஒளிப்படத்தைத் திரை அச்சில் திரும்பத் திரும்ப எடுத்து, நிறத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தவர் அவர். நம் ஊரில் மஞ்சள் பையில் கடைப்பெயர் அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறைதான் அது. வடிவம் வேறு, நிறம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவர் கைக்கு முன்பே வந்திருந்தது. அதனால்தான் புதுக் கருவியைக் கண்டு அவர் மிரளவில்லை.

1985 ஜூலை 23 அன்று நியூயார்க் லிங்கன் மையத்தில் நடந்த அமிகா அறிமுக விழாவில், பாடகி டெபி ஹாரியின் கறுப்பு வெள்ளை உருவத்துக்கு அவர் மேடையிலேயே நிறமூட்டினார். பொன்னிறக் கூந்தலுக்கு மஞ்சள் வைத்தார். பார்ப்பவர் எதிர்பார்த்த நிறம்தான் அது. படம் அழகாக அமைந்தது, ஆனால் துணிச்சல் குறைவு. தம் முகத்தை எடுத்துக்கொண்டபோது அப்படி யாரையும் மகிழ்விக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளி நிறப் பொய்முடியோடு வாழ்ந்தவருக்கு 'இயல்பான நிறம்' என்று ஒன்று ஏது? அவர் முகத்தின் மேல் நிறம் வேடமாகவே நிற்கிறது.

எனினும் முடிந்த ஓவியங்களாக இவற்றை உயர்த்திப் பேச இயலாது. இவை பயிற்சித் தாள்கள். 1986இல் லண்டனில் காட்டப்பட்ட, முடி சிலிர்த்து நிற்கும் பெரிய தன்னுருவ ஓவியங்களை அருகில் வைத்தால் வேறுபாடு புரியும். அங்கே கறுப்புப் பின்னணியில் ஒரே நிறம். முகம் இருளில் மிதக்கிறது. 32 நிறங்கள் சொல்லாததை அந்த ஒரு நிறம் சொல்லிவிடுகிறது. கணினிதான் அவரை அங்கே கொண்டு சேர்த்தது என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. அந்தச் சிக்கனம் திரை அச்சிலிருந்தே வந்திருக்கலாம்.

2012இல் ஐபேடில் தம்மை வரைந்த டேவிட் ஹாக்னி எதிர்த்திசையில் சென்றார். அவருக்கு நிறப் பஞ்சம் இல்லை; ஓவியருக்கே உரிய கோடுகளும் தீற்றல்களும் அங்கு உண்டு. இன்று கைப்பேசியில் ஒரே தட்டலில் முகத்தின் நிறம் மாற்றும் மாணவர் இவ்விருவரில் வார்ஹோலுக்கே நெருக்கமானவர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: கைப்பேசி வடிகட்டியின் நிறங்களை வேறொருவர் முன்பே தேர்ந்து வைத்திருக்கிறார்.

வார்ஹோலின் நெகிழ்வட்டுகளிலிருந்த படங்களைக் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி மன்றத்தினர் மீட்டெடுத்தது 2014இல் அறிவிக்கப்பட்டது. 2021இல் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம், தன்னுருவப் படம் உள்ளிட்ட 5 படங்களை என்.எஃப்.டி. வடிவில் சுமார் 33.8 லட்சம் டாலருக்கு விற்றது. விற்கப்பட்டவை பல மடங்கு பெரிதாக்கப்பட்ட கோப்புகள். மீட்புப் பணியோடு தொடர்புடையோரிடமிருந்தே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானதே. வார்ஹோல் விட்டுச் சென்றது 320 × 200 புள்ளிகளும் ஒரு நிறப்பட்டியலும்தான். அவர் முடிவெடுத்தது அந்த 64,000 புள்ளிகளில். படத்தை எடைபோட விரும்புவோர் அந்தச் சிறிய அளவிலேயே பார்ப்பது நல்லது.