பங்காளி யார்? – எல்லை தாண்டும் நீர்மின் ஒப்பந்தங்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

அபிவிருத்தி பற்றிய இன்றைய எழுத்துக்களில் மிகத் தாராளமாக வழங்கும் சொற்களுள் ‘அரச – தனியார் பங்குடைமை’ என்பதும் ஒன்று. அரசு, தனியார் கம்பனி, அயல்நாட்டுக் கொள்வனவாளர், கடன் வழங்கும் வங்கி ஆகிய நால்வரும் ஓர் ஆற்றின்மீது செய்துகொள்ளும் உடன்படிக்கைக்கு அப்பெயர் இடப்படுகின்றது. அவ்வாற்று நீரைக் கொண்டு பயிர் செய்பவனும் மீன் பிடிப்பவனும் அவ்வுடன்படிக்கையில் எவ்விடத்தில் வைக்கப்பட்டுள்ளனர் என்ற வினாவை முன்வைத்து, எல்லை கடந்த நீர்மின் திட்டங்கள் சிலவற்றை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாவைக் கலேவெலப் பிரதேசத்தில் நின்று கேட்பது பொருத்தமானது. 1976ஆம் ஆண்டு முதல் பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர், சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்னிலையத்தை அடைந்து, பின் சுது கங்கை, அம்பன் கங்கை ஆகியவற்றினூடாகப் போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்கு வருகின்றது. அங்கு நீருக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று கலா ஓயா வடிநிலத்து வயல்களையும் குளங்களையும் நோக்கியது. மற்றையது 40 மெகாவற்று மின்னிலையத்தின் சுழலிகளைக் கடந்து மீண்டும் அம்பன் கங்கையில் விழுவது. முதல் வழியிற் சென்ற நீர் இரண்டாம் வழியில் மின் தராது. அதுமட்டுமன்று, பொல்கொல்லையில் திருப்பப்படும் நீர் முழுவதும் மகாவலியின் கீழ்ப்பகுதியிலுள்ள விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை நிலையங்கள் இழக்கும் நீராகும். எனவே வயலுக்கும் விளக்குக்கும் இடையிலான வழக்கு எமது மாவட்டத்தில் நாள்தோறும் நடைபெறும் வழக்கெனலாம்.

இவ்வழக்கு எவ்வாறு தீர்க்கப்படுகின்றது? மகாவலி அதிகார சபையின் நீர் முகாமைத்துவச் செயலகம் கணக்கிட்டளிக்க, நீர்ப்பாசனத் துறையினரும் மின்சாரத் துறையினரும் ஏனையோரும் கூடிச் சிறுபோகத்துக்கும் பெரும்போகத்துக்கும் நீரைப் பங்கிடுகின்றனர். இம்முறையிற் குறைகள் பல இருக்கலாம். ஆயினும் ஒவ்வொரு போகத்திலும் தீர்ப்பை மாற்றி எழுத இடமுண்டு. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத வரட்சியில் உடவளவைப் பயிர்கள் வாடியபோது, மின்வெட்டு நேரும் என்ற எச்சரிக்கையையும் மீறிச் சமனலவெவ நீரைத் திறந்துவிட அமைச்சரவை தீர்மானித்தது. காலந்தாழ்த்திய முடிவு என விவசாயிகள் குறைகூறினர்; எனினும் முடிவெடுக்கும் அதிகாரம் நாட்டினுள்ளேயே இருந்தது. மதகின் திறவுகோல் எவர் கையில் என்பதே நீர்மின் அரசியலின் மூலவினா என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எல்லை கடந்த பங்குடைமையில் இத்திறவுகோல் ஓர் ஒப்பந்தத்தினுட் பூட்டப்படுகின்றது. லாவோஸின் நாம் தூன் 2 திட்டம் இதற்குப் பெயர்பெற்ற உதாரணமாகும். உலக வங்கியின் ஆதரவோடு, பிரான்சிய, தாய்லாந்துக் கம்பனிகளும் லாவோஸ் அரசும் பங்குதாரராகச் சேர்ந்தமைத்த இந்நிலையம் 2010இல் இயங்கத் தொடங்கியது. 1,070 மெகாவற்று வலுவில் ஏறக்குறைய 995 மெகாவற்று தாய்லாந்துக்கு உரியது. உரிமக்காலம் 25 ஆண்டுகள். நக்காய் மேட்டுநிலத்திலிருந்து 6,000க்கு மேற்பட்டோர் குடிபெயர்க்கப்பட்டனர். அவர்களுக்கு வீடும் பாதையும் மருத்துவ வசதியும் கிடைத்தன என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் ஓர் ஆற்றின் நீர் செ பாங் பை என்னும் வேறோர் ஆற்றில் திருப்பிவிடப்பட்டதால், அதன் கரைகளில் வாழ்ந்த மக்களின் மீன்பிடியும் கரைத்தோட்டங்களும் பாதிப்புற்றன.

இங்கு ஓர் ஒப்பீடு சிந்தனைக்குரியது. பொல்கொல்லையில் நடந்ததும் ஓர் ஆற்றை வேறொரு வடிநிலத்துக்குத் திருப்பும் வேலையே. ஆயின் கலா ஓயாப் பக்கத்தில் வந்த நீர் வாழ்வாகியது; செ பாங் பைக் கரையிலோ சுமையாகியது. வேறுபாடு பொறியியலில் இல்லை. நீர் யாருடைய தேவைக்குரிய நேரத்தில் விடப்படுகின்றது என்பதிலேயே உள்ளது. ஒன்று விதைப்புக் காலத்தை நோக்கியது. மற்றையது அயல்நாட்டு நகரங்களின் மின்தேவையை நோக்கியது.

பங்குடைமையின் நற்பக்கத்தைக் காண்பதற்குப் பூட்டானின் தாகாச்சு நிலையத்தை நோக்கலாம். 126 மெகாவற்று வலுவுடைய இது 2015இல் இயங்கத் தொடங்கியது. பூட்டானின் அரச மின்னாக்கக் கம்பனி 59 வீதமும், இந்தியாவின் டாட்டா பவர் 26 வீதமும், பூட்டானின் தேசிய ஓய்வூதிய நிதியம் 15 வீதமும் பங்கு கொண்டன. பெருந்தேக்கம் இன்றி ஆற்றோட்டத்தைக் கொண்டே மின்னாக்குவதால் இது பேரிடப்பெயர்வை உண்டாக்கவில்லை. ஆயினும் கட்டுமானம் தாமதித்தது. செலவு மதிப்பீட்டை மீறியது. வருவாய்க்கு நம்பியிருந்த கரிமச் சான்றுகளின் உலகச் சந்தை விலையோ 2012இல் வீழ்ந்துவிட்டது. நட்டத்தின் பெரும்பங்கு பெரும்பங்குதாரரான நாட்டின்மீதும், சாதாரண ஊழியரின் ஓய்வூதியச் சேமிப்பின்மீதுமே விழும் என்பது சொல்லாமலே விளங்கும். மாரியில் ஆறுகள் மெலியும்போது பூட்டான் இந்தியாவிடமிருந்தே மின் வாங்குகின்றது என்பதும் கருதத்தக்கது.

இலாபத்தின் பங்கு ஒப்பந்தத்தில் எழுதப்படும். ஆபத்தின் பங்கோ எழுதப்படுவதில்லை. 2018 யூலை 23இல் லாவோஸின் செ பியன் – செ நாம்நொய் திட்டத்தின் துணையணை உடைந்தது. கொரிய, தாய்லாந்துக் கம்பனிகளும் லாவோஸ் அரசும் கூடிய பங்குடைமை அது; மின்னின் பெரும்பகுதி தாய்லாந்துக்கென ஒதுக்கப்பட்டது. பலர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர், வெள்ளம் எல்லை தாண்டிக் கம்போடியாவிலும் புகுந்தது. உயிரிழந்தோர் எவரும் அப்பங்குடைமையிற் பங்காளியாக இருந்ததில்லை.

இவற்றைக் கூறுவதால் அயல்நாட்டு முதலே தீது என்பது எமது முடிவன்று. விக்டோரியா பிரித்தானிய உதவியாலும், கொத்மலை சுவீடன் உதவியாலும், ரந்தெனிகல ஜெர்மனிய உதவியாலும் எழுந்தவை. அங்கும் இடம்பெயர்ந்தோரின் துயர் உண்டு. ஆனால் நீரை எவ்வாறு பகிர்வது என்ற உரிமை அயலார் கைக்குச் சென்றுவிடவில்லை. கடன் பெறுவது வேறு. ஆற்றின் ஓட்டத்தையே கால்நூற்றாண்டுக்கு விற்பது வேறு.

இது எமக்கு அயலான விவாதமுமன்று. 2025 ஏப்பிரலில் இந்தியாவும் இலங்கையும் மின்வலையமைப்புக்களை இணைப்பதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. கடலைக் கடந்து மின் விற்கும் நாள் வருமாயின், போவத்தென்னவின் இரு வழிகளுள் ஒன்று அந்நியச் செலாவணி ஈட்டும் வழியாகிவிடும். மற்றையது நெல் மட்டுமே தரும். மறுபுறத்தில் இலங்கைக் கம்பனிகள் உகண்டாவில் சிறு நீர்மின்னிலையங்களை அமைத்துள்ளன. எனவே நாம் கேட்கும் நீதியை நாம் முதலிடும் ஆற்றங்கரை மக்களுக்கும் வழங்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆதலின் இத்தகைய ஒப்பந்தம் எதற்கும் மூன்று நிபந்தனைகள் இன்றியமையாதன. முதலாவது, வரட்சிக் காலத்தில் குடிநீருக்கும் பயிருக்கும் முதலுரிமை அளிக்கும் வாசகம், நட்டஈட்டுக் கோரிக்கைக்கு இடமின்றி எழுதப்படல் வேண்டும். இரண்டாவது, ஒப்பந்தம் கைச்சாத்தாகும் முன்னரே ஆற்றங்கரை மக்களின் மொழிகளில் வெளியிடப்படல் வேண்டும். மூன்றாவது, நீரைப் பங்கிடும் சபையில் விவசாயிக்கும் மீனவனுக்கும் வாக்குரிமையுடன் கூடிய ஆசனம் வேண்டும். இம்மூன்றும் இல்லாதவிடத்துப் பங்குடைமை என்பது, பங்கு ஒருவருக்கும் உடைமை இன்னொருவருக்கும் சுமை மூன்றாமவருக்கும் ஆன ஏற்பாடாகவே முடியும்.