விலைக்கு வந்த வரிசை

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் 'ஆன்சைட்' எனப்படும் வெளிநாட்டுப் பணி வாய்ப்புக்காகக் காத்திருக்கும் தமிழ் இளைஞர்கள் ஏராளம். ஹெச்-1பி வேலை விசாவில் அமெரிக்கா போனவர்களோ நிரந்தர வசிப்புரிமை தரும் கிரீன் கார்டுக்காக மாதாமாதம் விசா புல்லட்டினைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2025 முடியும்போதும் இந்தியர்களுக்கான ஈபி-2 என்ற வேலைவாய்ப்புப் பிரிவின் வரிசை, 2013-இல் விண்ணப்பித்தவர்களைத் தாண்டவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பர் 19 அன்று அதிபர் டிரம்ப் இரண்டு ஆணைகளில் கையெழுத்திட்டார். வெளிநாட்டிலிருந்து புதிதாக ஹெச்-1பி-யில் ஆள் எடுக்கும் நிறுவனம் 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றது ஒன்று. அரசுக்கு 10 லட்சம் டாலர் கொடுக்கும் தனிநபருக்கு நிரந்தர வசிப்புரிமைக்கு வழிவிடும் 'கோல்டு கார்டு' என்றது மற்றொன்று.

குடியுரிமையையும் வசிப்புரிமையையும் விற்பதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. 1984-லேயே குடியுரிமை விற்பனையைத் தொடங்கிய செயின்ட் கிட்ஸ் தீவு, 2005-இல் சர்க்கரைத் தொழிலை மூடிய பிறகு இந்த வருமானத்தைப் பெரிதும் நம்பியது. பிறந்த இடம் தற்செயல்தானே, அதை மாற்றிக்கொள்ளப் பணம் கொடுத்தால் என்ன தவறு என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு.

ஆனால் அந்தத் தற்செயலால் தவிப்பவர்களில் பணக்காரருக்கு மட்டுமே இந்தக் கதவு திறக்கிறது. கோல்டு கார்டுக்கெனத் தனி இடங்கள் ஒதுக்கப்படவில்லை. ஈபி-1, ஈபி-2 ஆகிய வேலைவாய்ப்புப் பிரிவுகளின் ஒதுக்கீட்டிலிருந்தே அது தரப்படுகிறது. ஒரு நாட்டவருக்கு 7 சதவீதம் என்ற வரம்பும் அப்படியே இருக்கிறது. ஆகவே ஓர் இந்தியர் வாங்கும் இடம், பல ஆண்டுகளாக உழைத்து வரி கட்டிக் காத்திருக்கும் இன்னொரு இந்தியருடையது. அரசு விற்பது தன் சொத்தை அல்ல, அடுத்தவருடைய முறையை.

வாங்குபவர் யார் என்பதும் முக்கியம். பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில் குற்றம் சாட்டப்பட்ட மெஹுல் சோக்ஸி, 2017-லேயே முதலீட்டுத் திட்டத்தின் வழியே ஆன்டிகுவா குடியுரிமை பெற்றிருந்தார். இத்தகைய விற்பனையையே ஏற்காத தீர்ப்பும் உண்டு: மால்டாவின் பாஸ்போர்ட் விற்பனை சட்டவிரோதம் என்று 2025 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாடும் விலக்கல்ல. 18 மாதங்களில் 10 கோடி ரூபாய் முதலீடு செய்யும் வெளிநாட்டவருக்கு 10 ஆண்டு வசிப்புரிமை தர 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆனால் 1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்த ஈழத் தமிழர்களின் பிள்ளைகளில், அகதி முகாமிலேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

முதலீட்டுக்கு வரிச்சலுகை கொடுக்கலாம், தொழில் விசா கொடுக்கலாம். குடியுரிமை மட்டும் ஒரு மண்ணில் வாழ்ந்தவருக்கும் உழைத்தவருக்கும் உரியது. காத்திருப்பவரின் முறை வரும்வரை அதை எந்த அரசும் விற்கக் கூடாது.